பதிவு எண்ணுக்கு முந்தைய ஒன்பது நாட்கள்

சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்குப் பதிவு எண் வந்தது. மின்னஞ்சலைத் திறந்து மூன்று தடவை படித்துவிட்டு, "சார், வந்திருச்சு!" என்று கனகலட்சுமி போட்ட சத்தத்தில், ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்த பாலவனத்தம் கிராமத்து ஆள் ஒருவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

சத்தம் போடத்தான் செய்வாள். அந்த எண்ணுக்காக அவளும் டாக்டர் சௌந்தரபாண்டியனும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அருப்புக்கோட்டையில் அவர்களுடைய சின்ன மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிரஷர்காரர்கள், வெயிலில் காட்டுவேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு டாக்டர் இரண்டு மாத்திரை எழுதுவார். ஒன்று ரத்தக்குழாயைத் தளர்த்துகிற மாத்திரை. இன்னொன்று உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியே தள்ளுகிற மாத்திரை. ஒன்றைப் போட்டுக்கொண்டு இன்னொன்றை மறந்துவிட்டு, அடுத்த மாதம் அதே பிரஷரோடு வந்து அப்பாவியாக உட்கார்வார்கள். இரண்டையும் ஒரே மாத்திரையாகக் கொடுத்தால் ஒழுங்காகப் போட்டுக்கொள்வார்களா, ஆறு மாதத்தில் பிரஷர் அடங்குமா என்பதுதான் டாக்டரின் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க இருநூற்று நாற்பது பேரை வைத்து ஓர் ஆய்வு. பாதிப் பேருக்கு ஒற்றை மாத்திரை, மீதிப் பேருக்குப் பழையபடி இரண்டு. யாருக்கு எது என்பதை முன்கூட்டியே ஒட்டி வைத்த உறைகள்தான் சொல்லும்.

இதையெல்லாம் நினைத்த மாத்திரத்தில் ஆரம்பித்துவிட முடியாது. மதுரையில் இருக்கிற நெறிமுறைக் குழு முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அது ஆகஸ்டிலேயே ஆயிற்று. அதற்குப் பிறகு, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்னால், அரசாங்கத்தின் இணையதளத்தில் ஆய்வைப் பதிந்தாக வேண்டும். யாரைச் சேர்ப்போம், என்ன கொடுப்போம், எத்தனையாவது மாதம் எதை அளப்போம், என்னென்ன கெடுதல் வருகிறதென்று கவனிப்போம், அத்தனையையும் ஊரறிய எழுதி வைத்துவிட்டுத்தான் தொடங்கலாம். எதற்கு இந்த வம்பு என்று நர்ஸுகள் கேட்டபோது டாக்டரே விளக்கினார்: "ஓட்டப் பந்தயம் வச்சா எல்லைக்கோட்டை முன்னாடியே போட்டுறணும். எல்லாரும் ஓடி முடிச்சப்புறம், நம்மாளு எங்க நிக்கிறான்னு பாத்து அங்கன கோடு போட்டா அது பந்தயமா?"

இணையதளக்காரர்கள் இரண்டு தடவை கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கனகலட்சுமி இரண்டு தடவையும் உட்கார்ந்து திருத்தித் தட்டினாள். பத்து வருடம் நர்ஸாக இருந்தவளை டாக்டர் இந்த ஆய்வுக்கு ஒருங்கிணைப்பாளர் ஆக்கியிருந்தார். பொதுமக்கள் கேள்வி கேட்கத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் அவளுடைய பெயரும் போன் நம்பரும் இருந்தன. எம்.ஜி.ஆர் படத்து டைட்டிலில் பெயர் வந்த மாதிரி அவளுக்குப் பெருமை. இப்போது அந்தப் பக்கத்தை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

திறந்து பார்த்துக்கொண்டே வந்தவளின் கண், "பதிவான தேதி: அக்டோபர் 11" என்ற வரியில் நின்றது. எழுந்துபோய் ஆய்வில் சேர்கிறவர்களின் பெயர் எழுத அலமாரியில் வைத்திருந்த நீளநோட்டை எடுத்தாள். மூலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்த அந்த நோட்டின் முதல் பக்கத்தில், அவளுடைய கையெழுத்தில், ஒரே ஒரு பெயர் இருந்தது. இருளப்பசாமி, எம்.ரெட்டியபட்டி. சேர்ந்த தேதி அக்டோபர் 2.

அன்றைக்கு விஜயதசமி.

டாக்டர் குடும்பம் பரம்பரையாகப் பருத்தி விதையும் பிண்ணாக்கும் விற்ற குடும்பம். அந்த வீட்டில் எந்தப் புது நோட்டானாலும் விஜயதசமியன்று சாமி முன்னால் வைத்து, ஒரு வரியாவது எழுதித்தான் மூடுவார்கள். மகன் டாக்டரானதால் வழக்கம் மாறிவிடுமா? அவருடைய அம்மா கோகிலாம்பாள் மருத்துவமனையில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் தினமும் நாற்காலி போட்டு உட்கார்கிறவர். அன்றைக்கு அவர்தான் சொன்னார்.

"வெறும் நோட்டைச் சாமிகிட்ட வச்சா வருசம் பூரா வெறும் நோட்டாத்தேன் கெடக்கும். ஒரு பேராச்சும் எழுதுங்கப்பா."

"நம்பர் இன்னும் வரலம்மா."

"நம்பரு வர்றப்ப வரட்டும். நல்ல நாளு திரும்ப வருமா?"

எல்லைக்கோட்டைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசிய டாக்டர், அம்மா சொன்னதும் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். இன்றைக்கோ நாளைக்கோ நம்பர் வந்துவிடும், ஒரு பெயர்தானே என்றார். கனகலட்சுமிக்கும் உள்ளுக்குள் உறுத்தாமல் இல்லை. ஆனால் பூசை நேரம், கையில் சுண்டல், எல்லார் முகத்திலும் சந்தோஷம். அந்த நேரத்தில் சட்டம் பேச யாருக்கு வாய் வரும்?

அந்தச் சமயம் பார்த்து மாதாந்திரச் சோதனைக்கு வந்து நின்றார் இருளப்பசாமி. ஐம்பத்திரண்டு வயது. கரிசல் காட்டில் மூன்று ஏக்கர் பருத்தியும் கம்பும் வைத்திருக்கிற சம்சாரி. பிரஷர் நூற்று எழுபத்திரண்டு. கோகிலாம்பாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ராசியான மொகம். இவுக பேரையே மொத பேரா எழுதுங்க" என்று உத்தரவு போட்டுவிட்டார். இருளப்பசாமிக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க வீட்டுல நான் கடைக்குட்டி. ரேஷன் கடை வரிசையில கூட மொத ஆளா நின்னதில்ல தாயி" என்று கனகலட்சுமியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவள் சம்மதப் படிவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். பெயர் எழுதியாயிற்று, உறையையும் பிரித்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். குங்குமம் வைத்த முதல் உறையைப் பிரித்தார்கள். ஒற்றை மாத்திரை. அந்த ஆளும் ஒரு மாத மாத்திரையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

இன்றைக்கோ நாளைக்கோ என்ற நம்பர் வர ஒன்பது நாள் ஆகிவிட்டது.

கனகலட்சுமி நோட்டோடு டாக்டர் அறைக்குள் போனாள். டாக்டர் போனில் யாரிடமோ நம்பர் வந்த விஷயத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வைக்கும்வரை காத்திருந்தாள்.

"சார், இருளப்பசாமி அண்ணன் சேந்தது ரெண்டாந்தேதி. பதிவானது இன்னிக்கி."

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. நோட்டை வாங்கிப் பார்த்தார். மின்விசிறியை நிறுத்தினார், மறுபடி போட்டார்.

"அன்னிக்கே நீ சொல்லியிருக்கலாம்லம்மா."

"நீங்களும் சொல்லியிருக்கலாம்ல சார்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மெதுவாகப் பேசினார். "நம்ம ஒண்ணும் திருடல. அதே ஆளு, அதே மாத்திரை. இப்ப இதப் போய்ச் சொன்னா, முதல் ஆளே பதிவுக்கு முந்தின்னு குழுவுல கேள்வி வரும். ஆய்வையே நிறுத்தி வச்சாலும் வைப்பாங்க. நாளைக்கி எந்தப் பத்திரிகையும் நம்ம முடிவைப் போட யோசிக்கும். ஒண்ணு செய்யி. புதுசா ஒரு படிவத்துல அவர்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வா. திங்கக்கெழம தேதி போட்டுக்குவோம். நோட்டுல அந்தப் பக்கத்த எடுத்துறலாம்."

"பழைய படிவம்?"

"அது எதுக்கு இனிமே?"

உண்மையைச் சொல்ல வேண்டும். கனகலட்சுமிக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. நோட்டில் எழுதியது அவள் கை. படிவத்தில் சாட்சிக் கையெழுத்தும் அவளுடையது. இவ்வளவு பெரிய தப்பு ஒரு தாளோடு முடிந்துபோகிறதே என்று, புதுப் படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பிரஷர் பார்க்கிற கருவியையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எம்.ரெட்டியபட்டிக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேரோடு ஒன்பதாவது ஆளாக ஒண்டிக்கொண்டாள். புரட்டாசி முடியப்போகிறது, வெயில் மட்டும் சித்திரை போல அடித்தது. காடெல்லாம் உழுது போட்டு மழைக்குக் காத்துக் கிடந்தது. திங்கட்கிழமை இந்த ஊரிலிருந்து மட்டும் பதிமூன்று பேர் ஆய்வில் சேர வருகிறார்கள். எல்லாம் இருளப்பசாமி ஆள் சேர்த்தது. முதல் ஆள் என்ற ஹோதாவில் ஊர் பூராவும் பேசிவைத்திருந்தார்.

வீட்டு வாசலில் அவருடைய மனைவி சந்தனம்மாள் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். "வா தாயி" என்று சுளகை வைத்துவிட்டு எழுந்தவள், வழக்கமாகச் சிரிக்கிற சிரிப்பைச் சிரிக்கவில்லை. உள்ளே இருளப்பசாமி தலையில் துண்டை நெற்றி மறைய இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, வீட்டுக்குள்ள உருமா?"

"சும்மாத்தேன். வெயிலு."

வந்த விஷயத்தை அவள் சொன்னாள். அன்றைக்குப் போட்ட கையெழுத்தில் தேதி சரியில்லை, புதுப் படிவத்தில் இன்னொரு கையெழுத்து வேண்டும் என்றாள். "அதுக்கென்ன, பத்துக் கையெழுத்துக் கூடப் போடுவேன்" என்றார் அவர். அதற்கு முன்னால் பிரஷர் பார்த்துவிடலாம் என்று கையில் பட்டையைச் சுற்றினாள். நூற்று இருபத்து நான்கு. இருளப்பசாமி மனைவியைப் பார்த்து, "கேட்டியாடி? நூத்தி இருவத்தி நாலு" என்று மீசையைத் தடவினார்.

"எந்திரிச்சு நில்லுங்கண்ணே. நின்னுக்கிட்டும் ஒரு தடவ பாக்கணும்."

அவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கருவி தொண்ணூற்று நான்கு காட்டியது. பிடித்த பிடியில் துண்டு நழுவியது. இடது புருவத்துக்கு மேலே, மஞ்சள் பத்துப் போட்டு, நாலு விரல் நீளத்துக்குக் காய்ந்த காயம்.

"என்னண்ணே இது?"

"ஒண்ணுமில்ல. முள்ளு கிழிச்சிருச்சு."

சந்தனம்மாளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "முள்ளு தானா வந்து கிழிச்சுச்சாக்கும்? திங்கக்கெழம காட்டுல சீமைக்கருவேலை வெட்டிக்கிட்டு இருந்தவுக, குனிஞ்சு நிமிந்திருக்காக. அப்படியே முள்ளுக்குமி மேல சாஞ்சுட்டாக தாயி. ஆடு மேய்க்கிற பொம்பள பாத்துட்டு ஓடியாந்து சொன்னா. நான் போயி தண்ணி தெளிச்சப்பறந்தேன் கண்ணு முழிச்சாக. ஒரு விரக்கடை தள்ளியிருந்தா கண்ணு போயிருக்கும். எந்திரிச்சா இன்னிக்கி வரைக்கும் கிறுகிறுங்குதுன்னு சொல்றாக. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா அடிக்க வாராக."

திங்கட்கிழமை என்றால் மாத்திரை போட ஆரம்பித்த ஐந்தாம் நாள். விழுந்ததற்குப் பிறகும் ஒரு நாள்கூடத் தவறாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஏண்ணே எனக்குப் போன் பண்ணல?" கனகலட்சுமியின் குரல் அவளை அறியாமல் உயர்ந்துவிட்டது.

இருளப்பசாமி துண்டை மடித்து மடித்து மடியில் வைத்தார். "மொத ஆளு நானு தாயி. அந்தம்மா ராசியான மொகம்னு சொல்லி, மஞ்சத் தடவுன நோட்டுல எம் பேர எழுதியிருக்காக. மொத ஆளே குப்புற விழுந்துட்டான்னு தெரிஞ்சா அந்த நோட்டு வெளங்குமா? டாக்டர் எத்தன வருசமா இதுக்கு அலையிறாருன்னு நீதானே சொன்ன. என்னால அவருக்குக் கெட்ட பேரு வேண்டாம்னுதேன்." பிறகு, பேச்சை முடித்துவிட்டவர் போலக் கையை நீட்டினார். "பேனாவக் குடு. எங்கன போடணும்?"

கைப்பைக்குள் போன கனகலட்சுமியின் கை அங்கேயே நின்றுவிட்டது. திங்கட்கிழமைத் தேதியில் இந்த ஆள் கையெழுத்துப் போட்டால், அவர் ஆய்வில் சேர்வது இனிமேல்தான். அப்படியானால் போன திங்கட்கிழமை முள்மேல் விழுந்தது யார்? யாரோ ஒரு சம்சாரி காட்டில் தடுக்கி விழுந்தார், அவ்வளவுதான். அந்த விழுகைக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடும். காலையில் தனக்கு வந்த நிம்மதியை நினைத்து அவளுக்குக் கூசியது. அந்தக் காயத்தை நேருக்கு நேர் பார்க்க வெட்கமாக இருந்தது.

பேனாவுக்குப் பதில் போனை எடுத்தாள்.

டாக்டர் நல்லவர் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். விழுந்தார் என்று கேட்ட உடனே அவர் தேதியையும் கேட்கவில்லை, படிவத்தையும் கேட்கவில்லை. "நெனவு தப்புச்சா? வாந்தி எடுத்தாரா? நிக்கும்போது எவ்வளவு இருக்கு? மாத்திரைய உடனே நிறுத்தச் சொல்லு. பஸ்ஸுக்கு நிக்காத, தனி ஆட்டோ புடிச்சுக் கூட்டியா" என்றார்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் பார்த்து முடித்துவிட்டார்கள். தலை ஸ்கேனில் உள்காயம் எதுவும் இல்லை. வெயிலில் வியர்த்துக் கொட்டுகிற உடம்பிலிருந்து மாத்திரையும் சேர்ந்து நீரை இறக்கியிருக்கிறது, அதுதான் கிறுகிறுப்பு என்றார் டாக்டர். இருளப்பசாமியைப் படுக்கவைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சந்தனம்மாள் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் கையைக் கழுவிவிட்டுத் தன் அறைக்கு வந்தபோது கனகலட்சுமி அங்கே நின்றுகொண்டிருந்தாள். புதுப் படிவம் மேஜைமேல் வெறுமையாக இருந்தது.

"வாங்கலையா?"

"வாங்கல சார்."

டாக்டர் உட்கார்ந்தார். "விழுந்தத மறைக்கச் சொல்லலையே நானு. ஓ.பி. சீட்டுல விவரமா எழுதியிருக்கேன்."

"ஓ.பி. சீட்டை யாரு சார் படிக்கப் போறா? திங்கக்கெழம பதிமூணு பேரு வாராக. அம்புட்டுப் பேரும் வெயில்ல நிக்கிறவுக."

"அவுகளுக்கு நானே பக்குவம் சொல்லி அனுப்புவேன்."

"இவுகளுக்குச் சொல்லுவீக. ஆய்வு முடிஞ்சு நல்ல மாத்திரைன்னு நீங்க எழுதுறதப் படிச்சிட்டுக் கமுதில ஒரு டாக்டர், கோயில்பட்டில ஒரு டாக்டர் எழுதிக் குடுப்பாக. அவுகளுக்கு யாரு சொல்லுவா? 'தலைசுற்றல், கீழே விழுதல், ஒவ்வொன்றும் குறிக்கப்படும்'னு அந்தப் பதிவுல டைப் அடிச்சது நான் சார். நம்பர் வந்த அன்னிக்கே மொத விழுகைய நானே மறைக்கணுமா?"

"மூணு வருசம், கனகலட்சுமி!" டாக்டர் மேஜையைத் தட்டினார். இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "மூணு வருசமா இதுக்கு நாயா அலைஞ்சிருக்கேன். ஒரு தேதி. ஒரே ஒரு தேதிக்காக எல்லாத்தையும் தண்ணில விடச் சொல்றியா?"

வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு இருந்தது. "என்னைய நிறுத்துனாலும் பரவால்ல சார்" என்றாள். "எனக்கு இதுல கையெழுத்து வாங்க முடியாது."

சத்தம் கேட்டுக் கோகிலாம்பாள் வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நான் சொல்லித்தேன எழுதுனீக" என்று ஒரு தடவை முனகினார். அப்புறம் நோட்டைப் பார்த்தார். "இந்தப் பக்கத்தையா கிழிக்கப் போறீக? சாமி முன்னால எழுதுனத யாராச்சும் கிழிப்பாகளாடா பாண்டி? தப்பா எழுதுனா தப்புன்னு பக்கத்துல எழுதுவாக. கிழிக்க மாட்டாக."

பதிவுச் சட்டத்தை ஒரே வாக்கில் கவிழ்த்தவரும் அந்த அம்மாள்தான், இப்போது நிமிர்த்திப் பிடிக்கிறவரும் அந்த அம்மாள்தான். இரண்டுக்கும் காரணம் அதே மஞ்சள். நல்ல புத்தி எந்த வாசல் வழியாக வந்தால் என்ன, வந்ததே போதும். ஆனால் டாக்டர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கனகலட்சுமி பின்னாலேயே போனாள். டாக்டர் இருளப்பசாமியின் கட்டில் பக்கம் நின்று குளுக்கோஸ் இறங்குவதைப் பார்த்தார். பார்க்க அதில் ஒன்றுமில்லை. போவதற்கு வேறு இடம் அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவரைப் பார்த்ததும் இருளப்பசாமி எழுந்திருக்கப் பார்த்தார். சந்தனம்மாள் தோளைப் பிடித்து அழுத்தினாள். படுத்தபடியே இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிருங்க சார். விழுகக் கூடாதுன்னுதேன் பாத்தேன். விழுந்துட்டேன்."

டாக்டர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அவருடைய புறங்கையை இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார். அறைக்குத் திரும்பியபோது அவர் கண் சிவந்திருந்தது. நாற்காலியை இழுத்துக் கனகலட்சுமி பக்கம் தள்ளினார்.

"உக்காரு. குழுவுக்கு எழுது."

அவள் எழுதினாள். முதல் நபர் பதிவுக்கு ஒன்பது நாள் முன்னதாகச் சேர்க்கப்பட்டார். மாத்திரை தொடங்கிய ஐந்தாம் நாள், வெயிலில் வேலை செய்தபோது மயங்கி விழுந்து நெற்றியில் காயம். மாத்திரை நிறுத்தப்பட்டது. குழு சொல்லும்வரை புதிதாக யாரையும் சேர்க்க மாட்டோம். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குப் பாதி அளவில் தொடங்க அனுமதி கேட்கிறோம். இவ்வளவையும் டாக்டர் சொல்லச் சொல்லத் தட்டினாள். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவர் தயங்கினார்.

"என்னன்னு சார் போட?"

"கவனக்குறைவுன்னு போடு."

"கவனம் இருந்துச்சே சார். விஜயதசமிக்கு நோட்டு வெறுமையா இருக்கக் கூடாதுன்னு தெரிஞ்சேதான எழுதுனோம்."

"சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும் சார்."

அதை அப்படியே எழுதினார்கள். தவறு செய்தவர் என்ற இடத்தில் கனகலட்சுமி தன் பெயரைத் தட்டினாள். டாக்டர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அதற்கு மேலே தன் பெயரைச் சேர்த்தார். கோகிலாம்பாள், "எம் பேரையும் போடுங்க" என்றார். அதற்கு அங்கே இடமில்லை என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அனுப்பு என்ற பொத்தானை டாக்டர்தான் அமுக்கினார். ஆய்வு நடக்குமா, நின்றுபோகுமா என்பது இனி மதுரையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கையில். பதிமூன்று பேருக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிடும்படி மட்டும் சொன்னார்.

நோட்டில் இருளப்பசாமியின் பெயர்மேல் கனகலட்சுமி ஒற்றைக் கோடு இழுத்தாள். பெயர் தெரிகிற மாதிரிதான் இழுக்க வேண்டும், அது விதி. பக்கத்தில் தேதி போட்டுக் காரணம் எழுதினாள். பிறகு, விழுந்த விவரம் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். அதில் அவர் கையெழுத்து வேண்டும்.

அவர் எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் முழுவதையும் படித்துக் காட்டினாள். ஆய்வில் இனி அவர் இல்லை, டாக்டர் வேறு மாத்திரை தந்து வழக்கம்போலப் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது.

"அப்ப அந்த இருநூத்தி நாப்பது பேருல நான் இல்ல."

"இல்லண்ணே. உங்களச் சேத்துக்கக் கூடாது. நாங்க செஞ்ச தப்புக்கு நீங்க வெளிய போறீக. அது எனக்குக் கஷ்டமாத்தேன் இருக்கு."

"இந்தத் தாளு?"

"இது போகும். நீங்க விழுந்தது, எந்தத் தேதி, எத்தனாம் நாளு, எல்லாம் போகும். மத்தவுகளுக்கு மாத்திரையக் கொறைக்கணுமான்னு இத வச்சுத்தேன் பாப்பாக."

இருளப்பசாமி சந்தனம்மாளைப் பார்த்தார், அப்புறம் தாளைப் பார்த்தார்.

"நான் சேர மாட்டேன். நான் விழுந்தது மட்டும் சேருமாக்கும்?"

சிரித்து மழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. "ஆமாண்ணே" என்றாள்.

அவர் புருவத்துக்கு மேலே காய்ந்துகிடந்த மஞ்சளை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அதுலயாச்சும் நாந்தேன மொத ஆளு?"

"நீங்கதேன்."

"அப்பக் குடு தாயி" என்று பேனாவுக்குக் கையை நீட்டினார்.